கறுப்பு எவ்வளவு கறுப்பு? பழைய படங்களும் அவற்றை அளந்த வரலாறும்

 

பெரகல, ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, கொஸ்லந்த பக்கத்து உறவுகளுக்காக எழுதும் பதிவு இது. கொஞ்சம் நீளமானது. தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

அண்மைக் காலமாக நம்மவர்கள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடி எடுத்துப் பகிர்கிறார்கள். உம்மம்மாவின் கலியாணப் படம், பாட்டனார் கங்காணித் தொப்பியோடு நிற்கும் படம், தோட்டப் பாடசாலையின் முதல் குழுப் படம் என்று பல. நல்ல வேலை. ஆனால் அவற்றை ஸ்கேன் செய்து பிரின்ட் எடுத்து பிரேம் போட்டு மாட்டும்போது பலருக்கும் ஒரே மனக்குறை. "மூலப் படத்தில் முகம் தெரிகிறது சேர். பிரின்டில் கரி பூசியது போல் இருக்கிறது." இன்னும் சிலருக்குப் படம் பச்சையாக வருகிறது, சிலருக்குச் செம்மையாக வருகிறது. கடைக்காரர் மெஷினைக் குறை சொல்கிறார், மெஷின் விற்றவர் தாளைக் குறை சொல்கிறார்.

இதற்கு விடை தேடினால் ஏறத்தாழ 150 வருட வரலாறு வருகிறது. அதில் ஒரு துண்டு நம் மலைநாட்டிலேயே நடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மலைநாட்டுக்கு வந்த ஒரு கெமரா

பாடசாலையில் வரலாறு படித்த எல்லோருக்கும் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு நினைவிருக்கும். 1833 சீர்திருத்தம் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்போம். அந்தக் கமரன், அதாவது சார்ள்ஸ் ஹே கமரன், பின்னாளில் இலங்கையில் கோப்பித் தோட்டங்களை வாங்கியவர். அவருடைய மனைவியின் பெயர் பாடப்புத்தகத்தில் வராது. ஆனால் உலக ஒளிப்பட வரலாற்றில் கணவரை விடப் பெரிய பெயர் அவருடையது. ஜூலியா மார்கரெட் கமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் கெமராவைக் கையில் எடுத்தார். டார்வின், டெனிசன் போன்றவர்களின் முகங்களை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பதில் அவருடைய படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

1875 இல் குடும்பம் இலங்கைக்குக் குடிவந்தது. 1869 இலிருந்து இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. அவர் களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார். இங்கே எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் சாதாரண மனிதர்கள், தோட்டத் தொழிலாளர்கள். இங்கிலாந்தில் அவர் படம் பிடித்தவர்களில் பலரின் பெயர் படத்தோடு உண்டு. இங்கே ஒரு படத்தின் தலைப்பு "களுத்துறைக் குடியானவர்கள்" என்ற அளவில்தான் நிற்கிறது. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. 1879 ஜனவரியில் திக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெயன் தோட்டத்தில் அவர் இறந்தார். பொகவந்தலாவ சென் மேரிஸ் தேவாலய வளவில் கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நம் கதைக்குத் தேவையான விடயம் இனித்தான் வருகிறது. இலங்கைக்குக் கப்பல் ஏறிய அதே 1875 ஆம் ஆண்டளவில், தன் சிறந்த படங்கள் சிலவற்றை இலண்டனில் ஓட்டோடைப் கம்பனி மூலம் "கார்பன் பிரின்ட்" முறையில் மறுபடி அச்சிட ஏற்பாடு செய்தார். காரணம் எளிமையானது. சாதாரணப் படங்கள் மங்கிக்கொண்டிருந்தன.

படம் ஏன் மங்குகிறது?

அந்தக் காலப் படத்தாளுக்கு அல்புமன் தாள் என்று பெயர். முட்டை வெள்ளைக்கரு பூசி, அதன்மேல் சில்வர் நைத்திரேற்றுச் சேர்த்து வெயிலில் காட்டி எடுப்பார்கள். படத்தில் நாம் காணும் கறுப்பு உண்மையில் மிகச் சிறிய வெள்ளித் துணிக்கைகள். வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? காற்றிலுள்ள கந்தகம் செய்யும் வேலை அது. அதே கந்தகமும் ஈரமும் படத்திலுள்ள வெள்ளியையும் தாக்கும். ஆனால் துணிக்கை அவ்வளவு சிறிதாக இருப்பதால் அங்கே கறுப்பு கூடுவதில்லை, மஞ்சளாகி மறைந்துபோகிறது. 1855 இலேயே இலண்டனில் ஒளிப்படச் சங்கம் இந்த மங்கலை ஆராய ஒரு குழுவை அமைக்க வேண்டியிருந்தது. பெரகல மூடுபனியில் நாற்பது ஐம்பது வருடம் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கார்பன் முறை. 1864 இல் ஜோசப் ஸ்வான் இதைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். ஜெலற்றினில் கரித்தூளைக் கலந்து, ஒளிபட்டால் இறுகும்படி இரசாயனம் சேர்த்து, ஒளி படாத பகுதியை இளஞ்சூட்டு நீரில் கழுவி விடுவார்கள். எஞ்சி நிற்பது வெறும் கரி. கரிக்குக் கந்தகமும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். மங்காது.

கரியின் இந்தக் குணம் நம் முன்னோருக்குப் புதிதல்ல. விளக்குப் புகைக்கரியில் செய்த மையால் எழுதிய பழைய முஸ்ஹபுகளும் கையெழுத்துக் கிதாபுகளும் பல நூறு வருடம் கடந்தும் கறுப்பாகவே இருக்கின்றன. 1557 இல் கட்டிமுடிந்த இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலில் சிற்பி மிமார் சினான் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எண்ணெய் விளக்குகளின் புகை காற்றோட்டத்தில் இழுபட்டு வாசலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சேரும். அந்தக் கரியை எடுத்து மை செய்தார்கள். பள்ளிவாசல் சுவரும் கறுக்கவில்லை, மைக்கும் காசு செலவாகவில்லை.

இரண்டு அமெச்சூர்களும் ஒரு மடக்கையும்

மங்காமல் இருப்பது ஒரு பிரச்சினை. எவ்வளவு கறுப்பு என்பது வேறு பிரச்சினை. "நல்ல கறுப்பு", "கொஞ்சம் சாம்பல்" என்று வாயால் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும்.

இதற்கு ஓர் எண் கொடுத்தவர்கள் இங்கிலாந்தில் விட்னெஸ் என்ற ஊரின் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த இருவர். பெர்டினண்ட் ஹேட்டர் சுவிஸ் நாட்டு இரசாயனவியலாளர். வீரோ டிரிபீல்ட் பொறியியலாளர். இருவருக்கும் ஒளிப்படம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. குத்துமதிப்பாகப் படம் எடுப்பது பிடிக்காமல் அளக்கத் தொடங்கினார்கள். 1890 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் "அடர்த்தி" என்ற அளவைத் தந்தது.

கணக்கு, 10, 11ஆம் தரப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மடக்கைதான். தாளில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு வந்தால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3. பாதி வந்தால் ஏறத்தாழ 0.3. (அவர்கள் அளந்தது கண்ணாடி நெகற்றிவை ஊடுருவி வரும் ஒளியை. தாளுக்குத் தெறித்து வரும் ஒளியை அளக்கிறோம். கணக்கு ஒன்றுதான்.)

மடக்கை எதற்கு? நம் கண் நேர்கோட்டில் பார்ப்பதில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருப்பதாகக் கண் சொல்லும் சாம்பல் நிறம், ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஏறத்தாழ 18 வீதத்தைத்தான் அனுப்புகிறது. அதன் அடர்த்தி 0.74 அளவில் வரும்.

இந்த அளவில் நமக்குத் தெரிந்த பொருட்களை வைத்துப் பார்ப்போம். பத்திரிகைத் தாளின் கறுப்பு 1.0 சுற்றி நிற்கும். அந்த நாள் ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் கழுவித்தந்த பளபளப்பான வெள்ளிப் பிரின்ட் 2.0 ஐத் தாண்டும். இன்றைய நல்ல மட் தாளில் பிக்மென்ட் மை 1.6, 1.7 வரை போகும். பளபளப்புத் தாளில் 2.2 க்கு மேலும் போகும். சாதாரண போட்டோகொப்பித் தாளில் இங்க்ஜெட் பிரின்ட் எடுத்தால் 1.2 அளவோடு நின்றுவிடும். ஆகவே உம்மம்மாவின் படத்தைப் போட்டோகொப்பித் தாளில் எடுத்துவிட்டு "கறுப்பு இல்லையே" என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. அந்தத் தாளால் அதற்கு மேல் முடியாது.

லயனல் வென்ட்டும் நெகற்றிவ் இல்லாத படங்களும்

இலங்கையின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றிப் பேசினால் லயனல் வென்ட்டைத் தாண்ட முடியாது. 1900 இல் கொழும்பில் பிறந்தவர். பியானோ கலைஞர், வழக்கறிஞர் படிப்புப் படித்தவர். 1930களில் இந்த நாட்டு மனிதர்களை, அவர்களின் கறுத்த உடலை, அதன்மேல் விழும் ஒளியை அவர் படமாக்கினார். அந்த உடல்களை அவர் வெளிறச் செய்யவில்லை. கறுப்புக்குள்ளேயே பத்துப் படிகளைக் காட்டினார். 1944 டிசம்பரில் 44 வயதில் இறந்தார். இறந்த பின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று உலகின் அருங்காட்சியகங்களில் இருப்பவை அவர் கையால் எடுத்த பிரின்ட்கள்தான். நெகற்றிவ் இல்லை என்றால் மறுபடி பிரின்ட் எடுக்க முடியாது. இருக்கும் பிரின்ட்டே மூலம்.

நம் வீடுகளின் நிலையும் அதுதான். பண்டாரவளையிலோ பதுளையிலோ படம் எடுத்த ஸ்டூடியோ மூடிப் பல வருடம். நெகற்றிவ் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கும் ஒரே தாள்தான் அந்த மனிதரின் ஒரே சாட்சி.

அடர்த்திமானியிலிருந்து நிறமாலை ஒளிமானிக்கு

அச்சகங்களில் பல காலம் அடர்த்திமானி என்ற கருவி பாவனையில் இருந்தது. எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று மட்டும் அது சொல்லும். எந்த நிறத்து ஒளி என்று முழுமையாகச் சொல்லாது.

அமெரிக்காவின் எம்.ஐ.ரீ. யில் ஆதர் ஹார்டி என்ற பேராசிரியர் அலைநீளம் அலைநீளமாக ஒளியை அளந்து தானாகவே வரைபு போடும் கருவியை உருவாக்கினார். 1930களின் நடுப்பகுதியில் அது விற்பனைக்கு வந்தது. அப்போது அது ஒரு மேசையளவு பெரிய கருவி. இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. தாளின் மேல் வைத்து இழுத்தால் 380 இலிருந்து 730 நனோமீற்றர் வரை பத்துப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு தெறிக்கிறது என்று சொல்லிவிடும். இதுதான் நிறமாலை ஒளிமானி, ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றர்.

கறுப்பு வெள்ளைக்கு ஏன் நிறமாலை என்று கேட்பீர்கள். கறுப்பில் நிறம் ஒளிந்திருக்கிறது என்பதால்தான். சாதாரண இங்க்ஜெட் பிரின்டரில் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் அது நீலம், செம்மை, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் போல் காட்டும். கடையின் ரியூப் லைற்றில் சரியாகத் தெரியும். வெயிலுக்குக் கொண்டுவந்தால் பச்சையாகவோ செம்மையாகவோ தெரியும். பச்சைப் படங்களின் இரகசியம் இதுதான். சில வருடத்தில் ஒரு மை மற்றதை விட வேகமாக மங்கினால் அந்தப் பச்சை நிரந்தரமாகிவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் கறுப்பு மையையே பல சாம்பல் படிகளாகப் பிரித்து ஊற்றும் முறை வந்தது. ஜோன் கோன் என்ற அமெரிக்க அச்சாளர் 2000 ஆம் ஆண்டளவில் பியசோகிராபி என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தார். 2005 இல் எப்சன் கம்பனியும் மூன்று கறுப்பு மை கொண்ட பிரின்டர்களை வெளியிட்டது. இந்த மைகளில் கறுப்பாக இருப்பது என்ன தெரியுமா? கரி. ஸ்வானின் கரி, கமரன் அம்மையார் நம்பிய அதே கரி.

அளவு எடுப்பது எப்படி?

முதலில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 கட்டங்கள் உள்ள ஒரு பட்டையை, படம் எடுக்கப்போகும் அதே தாளில், அதே மையில் அடிக்க வேண்டும். அன்றே அளக்கக் கூடாது. மை காயும்போது கறுப்பு மாறும், ஒரு நாள் விடுவது நல்லது. பிறகு கீழே இரண்டு மூன்று வெள்ளைத் தாள் வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் கருவியால் அளக்க வேண்டும். கருவி அடர்த்தியையும் சொல்லும், கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற எண்ணையும் சொல்லும். இந்த இரண்டாவது எண் 0 இலிருந்து 100 வரை போகும். நாம் முன்னர் சொன்ன 18 வீதச் சாம்பல் அதில் 50.

21 எண்களையும் வரைபில் போட்டால் கட்டத்துக்குக் கட்டம் ஒரே அளவு இறங்க வேண்டும். அளக்காத பிரின்டரில் அப்படி வருவதில்லை. மை தாளில் பரவும். பரவினால் இருண்ட கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உதாரணத்துக்கு, கடைசி நான்கு கட்டங்கள் 1.44, 1.46, 1.47, 1.47 என்று வந்தால் கணினியில் நான்காக இருந்த கறுப்பு தாளில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்களை வைத்துப் பிரின்டருக்கு ஒரு திருத்த வளைகோடு கொடுத்தால் கட்டங்கள் மறுபடி பிரியும். கருவியின் வேலை இவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறோம். ஒட்டிக்கொள்ளும் அந்தக் கடைசிக் கட்டங்களில் என்ன இருக்கிறது? வெள்ளைச் சட்டை அங்கே இல்லை. சுவரும் வானமும் இல்லை. வெயிலில் வேலை செய்து கறுத்த முகங்கள் அங்கேதான் இருக்கின்றன. கூடைக் கயிற்றின் நிழல் விழுந்த நெற்றி, முந்தானைக்குள் இருக்கும் கண், கறுத்த கன்னத்தின் சுருக்கம் எல்லாம் அந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கட்டங்கள் ஒட்டினால் முதலில் காணாமல் போவது நம் ஆட்கள். படத்தில் நடுவே நிற்கும் தோட்டத்துத் துரை தெளிவாக இருப்பார்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. கொடாக் கம்பனி 1950களிலிருந்து உலகெங்கும் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் பல காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் பிரின்ட் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். கறுத்த முகம் எப்படி வந்தாலும் யாரும் கேட்கவில்லை. எந்த அளவுகோலையும் யாரோ ஒருவரின் முகத்தை வைத்துத்தான் சரிசெய்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நமக்கு ஒரு முகம் என்பது

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பிரித்தார்கள். அதன் பிறகு பாஸ்போட்டுக்கு, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு, அடையாள அட்டைக்கு என்று நம் அயலவர்கள் ஸ்டூடியோக் கதிரையில் உட்கார்ந்த படங்கள் கணக்கில்லை. பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். தலைமன்னாரில் கப்பல் ஏற முன் எடுத்த குடும்பப் படத்தில், போனவர்களும் நின்றவர்களும் கடைசியாக ஒன்றாக இருக்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29 காலையில் நமக்குப் பக்கத்தில் மீரியாபெத்தை மண்ணுக்குள் போனது. உயிர்களுக்கு முன் மற்றதெல்லாம் சிறிதுதான். ஆனால் லயத்தோடு சேர்ந்து சுவரில் தொங்கிய படங்களும் போயின. உம்மாவின் முகம் எப்படி இருந்தது, தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று இனிப் பிறக்கும் பிள்ளைக்குக் காட்ட ஒரு தாள்கூட இல்லாத நிலை சாதாரண இழப்பல்ல. மலையோரத்தில் வாழும் நாம் எல்லோரும் இதை யோசிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

கருவியின் விலை நமக்கு எட்டாதது. எல்லோரும் வாங்க வேண்டியதும் இல்லை. ஒரு பாடசாலையோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கோயில் சபையோ, சனசமூக நிலையமோ சேர்ந்து யோசித்தால் ஒரு பிரதேசத்துக்கு ஒன்று போதும். அதுவரை கருவி இல்லாமலே செய்யக்கூடியவை உண்டு.

1. பிரின்ட் எடுக்க முன்பே ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போட் அளவுப் படத்தை 1200 டிபிஐ இல், பெரிய படத்தை 600 இல். போனால் எடுத்தால் நிழலில், பளபளப்பு விழாமல் எடுங்கள். இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். ஒன்று மலையில் இல்லாத உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

2. மூலப் படத்தை வீசாதீர்கள். லெமினேற் செய்யாதீர்கள். சுவரிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் அல்ல, தாள் உறையில் போட்டு ஈரமில்லாத அலுமாரியில் வையுங்கள். சுவருக்குப் பிரதி போதும்.

3. கடையில் பிக்மென்ட் மை உள்ள பிரின்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டோகொப்பித் தாள் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

4. 21 கட்டப் பட்டையை ஒருமுறை அடித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த நாள் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கடைசிக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தக் கடையில் கொடுக்கலாம். ஒட்டியிருந்தால் நிழல் பகுதியைக் கொஞ்சம் திறந்து அடிக்கச் சொல்லுங்கள். நம் கண்ணும் ஒரு கருவிதான், பக்கத்தில் ஒப்பிட ஒன்று இருந்தால்.

5. படத்தின் பின்பக்கம், அல்லது உறையில், மென்மையான பென்சிலால் பெயரை எழுதுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம். இதை மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். கமரன் அம்மையாரின் படங்களில் நம் மலைநாட்டு முகங்கள் 150 வருடமாக நல்ல அடர்த்தியோடு இருக்கின்றன. அவர்கள் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

உங்கள் வீட்டில் அப்படிப் பெயர் எழுதாத படம் இருந்தால் இந்த வாரமே மூத்தவர்களோடு உட்காருங்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஸ்கேன் செய்து கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். படம் உங்களிடமே திரும்பி வரும். விருப்பமுள்ளவர்கள் கீழே சொல்லுங்கள். 21 கட்டப் பட்டை வேண்டியவர்களுக்கும் அனுப்பி வைக்கிறோம்.